திரும்பி வராத ஸ்டியரிங்

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குக் காரில் போகிறவர்களிடம் ஆடிக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து, முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றிவிட்டு, காவல்கிணறு தாண்டி நான்குவழிச் சாலையில் ஏறியதும் அது இடதுபக்கக் கதவில் வந்து மோதும். வாரத்துக்கு இரண்டு முறை அந்த வழியில் போய் வருகிறேன். போன வருடம் ஆடியில் பணகுடிக்குக் கொஞ்சம் முன்னால் வைக்கோல் ஏற்றிய ஒரு லாரியைத் தாண்டினேன். லாரியின் மறைவில் இருந்தவரை வண்டி சாதுவாகப் போனது. மறைவை விட்டு வெளியே வந்ததும் காற்று மொத்தமாக அடித்தது. வண்டி நடுத்திட்டு அரளிச் செடிகளை நோக்கி ஒதுங்க, ஸ்டியரிங்கை இடதுபக்கம் கொஞ்சம் ஒடித்தேன். வண்டி வந்தது. சரி என்று கையைத் தளர்த்தினேன். ஸ்டியரிங் நேராகத் திரும்பவில்லை. ஒடித்த இடத்திலேயே நின்றது. வண்டி லாரியின் மூக்குக்கு முன்னால் சரிந்துகொண்டே போனது. நானே பிடித்து வலதுபக்கம் இழுத்தேன், அது தேவைக்கு மேல் வந்துவிட்டது. மறுபடி இடது, மறுபடி வலது. பின்னாலிருந்து லாரிக்காரர் அடித்த ஹாரன் நிற்கவே இல்லை.

அன்று திருநெல்வேலி போய்ச் சேரும்வரை 60-க்கு மேல் போகவில்லை. கல்லூரியில் வண்டியை நிறுத்தியபோது இரண்டு உள்ளங்கைகளும் நனைந்திருந்தன. பயம் இரண்டு நாளில் போய்விட்டது. போகாமல் நின்றது வேறொன்று. இந்த ஸ்டியரிங் இப்படி நடந்துகொள்கிறது என்பது ஏழெட்டு மாதமாகவே எனக்குத் தெரியும். அதைச் சொல்லி மூன்று முறை வண்டியைச் சர்வீஸுக்கு விட்டிருக்கிறேன். மூன்று முறையும் வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். "சின்ன வண்டின்னா அப்படித்தான் இருக்கும் மேடம்."

அந்த வாக்கியம்தான் எனக்குள் அடங்கவே இல்லை. சர்வீஸ் சென்டரில் மட்டும் என்றால் விட்டிருப்பேன். கூட வேலை பார்க்கும் ஒருவர் அதையே சொன்னார். அத்தை மகன், "பெரிய வண்டியா ஒண்ணு எடுத்திரு, எல்லாம் சரியாயிரும்" என்றான். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அவர்கள் உண்மையிலேயே அப்படித்தான் நம்புகிறார்கள். கொடுத்த காசுக்கு ஏற்ற சீட், கொடுத்த காசுக்கு ஏற்ற பிளாஸ்டிக், கொடுத்த காசுக்கு ஏற்ற ஏ.சி. என்பதையெல்லாம் நானும் ஏற்றுக்கொள்கிறேன். கதவை மூடும்போது தகர டப்பாச் சத்தம் வந்தால் வரட்டும். ஆனால் ஒடித்த சக்கரம் நேராக வருவதையும் அந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. சிறிய கார் வாங்குகிறவர்களில் பலருக்கு அது வீட்டிலுள்ள ஒரே கார். அதில்தான் ஐந்து பேரும் இரண்டு பையும் குலதெய்வக் கோயிலுக்குப் போகிறார்கள். பெரிய வண்டி போகிற அதே சாலை, வீசுவதும் அதே காற்று.

அப்பாவின் கை

நான் ஓட்டக் கற்றது அப்பாவின் 1997 மாருதி 800-இல். மூன்று சிலிண்டர், 796 சிசி, 12 அங்குலச் சக்கரம். பவர் ஸ்டியரிங் கிடையாது. நிறுத்தி வைத்த வண்டியின் ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்க, அப்போது எனக்கு இரண்டு தோளும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். "நின்ன வண்டியில ஒடிக்காத, லேசா உருட்டிக்கிட்டே ஒடி" என்பார் அப்பா. உருண்டால் எடை குறைந்துவிடும். 40-க்கு மேல் போய்விட்டால் விரலால் பிடித்து ஓட்டலாம், அவ்வளவு இலகு. முன்பக்கம் எடை குறைவு, டயரும் ஒல்லி, அதனால் மோட்டார் உதவி இல்லாமலே காரியம் நடந்தது.

அப்பா திரும்பும் விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. வடசேரியில் முனை திரும்பும்போது இரண்டு கையாலும் இழுத்து ஒடிப்பார். வண்டி பாதி திரும்பியதும் கையை விரித்துவிடுவார். ஸ்டியரிங் அவர் உள்ளங்கைக்குள் சரசரவென்று ஓடி, தானாக நேராகி நிற்கும். ரெக்சின் உறை உள்ளங்கையில் உரசும் அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். "கையைத் தளத்து, அதுவா வரும்" என்பதைத்தான் எனக்கும் முதலில் சொல்லிக் கொடுத்தார்.

ஒருமுறை தோவாளையிலிருந்து வரும்போது, ஓட்டிக்கொண்டே, "முன்னாடி இடது டயர்ல காத்து கொறஞ்சிருக்கு" என்றார். பெட்ரோல் பங்கில் நிறுத்திப் பார்த்தால் மற்ற மூன்றிலும் சரியாக இருந்தது, அதில் மட்டும் பாதிதான். கண்ணால் பார்க்காமல் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "கையில தெரியுதே" என்றார். மழைக்காலத்தில் ஈரத் தாரில் வளைவுகளில் போகும்போதும் அப்படித்தான். "லேசாயிடுச்சு பாரு, மெதுவா போ" என்பார். ஸ்டியரிங் லேசானால் ஏன் மெதுவாகப் போக வேண்டும் என்று அன்று எனக்குப் புரியவில்லை. வெகுகாலம் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டிச் சக்கரத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் கம்பி முன்னால் இருக்கும், சக்கரம் தரையைத் தொடும் இடம் கொஞ்சம் பின்னால் இருக்கும். தள்ளினால் எப்படிக் கோணிக் கிடந்த சக்கரமும் நேராகிவிடும். கார் முன்சக்கரமும் அதே ஏற்பாடுதான். சக்கரம் திரும்புகிற அச்சு சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுக்குக் காஸ்டர் என்று பெயர். இதோடு இன்னொன்றும் சேர்கிறது. வளைவில் டயர் தரையைத் தொடும் பகுதி, உள்ளங்கையளவு ரப்பர்தான் அது, கொஞ்சம் முறுக்கிக்கொள்கிறது. அந்தப் பிடிப்பின் மையம் சக்கர நடுவிலிருந்து சற்றுப் பின்னால் விழுகிறது. அதனால் டயரே சக்கரத்தை நேராக்கப் பார்க்கிறது. நம் கைக்கு எடையாகத் தெரிவது இந்த இரண்டும்தான். டயர் பிடிப்பை இழக்கும் தறுவாயில் அந்த மையம் முன்னால் நகர்ந்துவிடும், நேராக்கும் விசை குறையும், ஸ்டியரிங் லேசாகும். வழுக்குவதற்கு ஒரு கணம் முன்பே கைக்கு வந்து சேரும் எச்சரிக்கை அது. அப்பா இதையெல்லாம் படித்ததில்லை, அவர் கைக்கு அது தெரிந்திருந்தது.

மோட்டார் வந்தபோது

இதை வைத்துப் பழைய வண்டிதான் உசத்தி என்று நான் வாதாட வரவில்லை. அம்மா 57 வயதில் என் இப்போதைய காரில்தான் ஓட்டக் கற்றுக்கொண்டாள். தோள்பட்டை வலியோடு அந்த 800-ஐ அவளால் எங்கள் சந்தில் ஒருமுறைகூடத் திருப்பியிருக்க முடியாது. இன்று ஒற்றைக் கையால் ரிவர்ஸ் எடுத்து, மீன் வாங்கிக்கொண்டு வருகிறாள். ஸ்டியரிங்கை இலகுவாக்கிய அந்தச் சின்ன மோட்டார்தான் அவளுக்கு அந்தச் சுதந்திரத்தைக் கொடுத்தது. அதைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது.

எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் முதலில் வந்ததே ஒரு குட்டிக் காரில்தான். 1988-இல் ஜப்பானில் சுசுகி செர்வோ. 550 சிசிக்கும் குறைவான எஞ்சின். அந்தக் காலத்தில் பவர் ஸ்டியரிங் என்றால் ஹைட்ராலிக். எஞ்சினோடு பெல்ட் போட்டு ஒரு பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் திருப்பினாலும் திருப்பாவிட்டாலும் அது எஞ்சினிடமிருந்து வாங்கிக்கொண்டே இருக்கும். குட்டி எஞ்சினுக்கு அது பெரிய சுமை. மோட்டார் என்றால் திருப்பும்போது மட்டும் கரண்ட் எடுத்தால் போதும். எண்ணெய் ஒழுகாது, பெல்ட் அறுகாது, மைலேஜும் தப்பிக்கும். சிறிய காருக்குப் பொருத்தமான யோசனை.

விலை குறைந்த வண்டிகளில் அந்த மோட்டாரைப் பெரும்பாலும் டாஷ்போர்டுக்கு அடியில், ஸ்டியரிங் ராடிலேயே மாட்டியிருப்பார்கள். அங்கே சூடும் இல்லை, தண்ணீரும் போகாது, அதனால் செலவு குறைவு. விலை கூடிய வண்டிகளில் கீழே, முன்சக்கரங்களைத் திருப்பும் பல் வைத்த தண்டான ராக்கிலேயே, சக்கரத்துக்குப் பக்கத்தில் வைப்பார்கள். ஸ்டியரிங்கை நீங்கள் திருப்பும்போது உள்ளே ஒரு மெல்லிய கம்பி முறுக்கும். எவ்வளவு முறுக்குகிறது என்று ஒரு சென்சார் பார்த்துச் சொல்ல, அதற்கேற்ற அளவு மோட்டார் தள்ளும். வண்டி நிற்கும்போது நிறையத் தள்ளும், வேகம் கூடக்கூடத் தன் உதவியைக் குறைத்துக்கொள்ளும். இதில் ஒரு சங்கடம் உண்டு. மோட்டாருக்கும் அதன் பல்சக்கரத்துக்கும் சொந்தமாக ஓர் உராய்வு இருக்கிறது. டயரிலிருந்து மேலே வரும் சின்னச் சின்ன விசைகள் அந்த உராய்வைத் தாண்டினால்தான் கைக்கு வந்து சேரும். தாண்டாதவை வழியிலேயே நின்றுவிடும். நெடுஞ்சாலையில் நேராகப் போகும்போது ஸ்டியரிங் மரத்துப்போன மாதிரி இருக்கிறதே, அதற்கு இது முக்கியமான காரணம். கார் விமர்சகர்கள் ஃபீல் இல்லை என்று எழுதுவதும் இதைத்தான். இந்த அளவுக்கு, "சின்ன வண்டின்னா அப்படித்தான்" என்பதில் உண்மை இருக்கிறது. அந்த உண்மைக்குப் பின்னால் வேறொன்று ஒளிந்திருந்ததுதான் என் வண்டியின் கதை.

பச்சைத் தாள்

முதல்முறை விட்டபோது, "திருப்பினா திரும்பி வரமாட்டேங்குது" என்று சொன்னேன். எதிரே இருந்தவர் ஜாப் கார்டில் "அலைன்மெண்ட் செக்" என்று தட்டினார். சாயந்திரம் ஒரு தாள் கொடுத்தார். எல்லா எண்ணும் பச்சை. இரண்டாவது முறை, கையால் செய்து காட்டினேன். அப்போதும் "அலைன்மெண்ட் செக்". கூடவே முன் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன என்று மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். புது டயரோடு ஒரு வாரம் நன்றாக இருந்த மாதிரி தோன்றியது. காசு செலவழித்தால் அப்படித் தோன்றும். மூன்றாவது முறையும் பச்சைத் தாள்தான். "மெஷினே சரின்னு சொல்லுது மேடம்" என்றார். அதற்கு மேல் என்ன பேச?

அந்தத் தாளை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். டோ, கேம்பர், காஸ்டர் எல்லாம் அதில் இருந்தன. சக்கரங்கள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பதற்கு அது சாட்சி. ஆனால் என் வண்டி நிற்கும்போது சொல்பேச்சுக் கேட்கத்தான் செய்தது. ஓடும்போது சக்கரம் எவ்வளவு சுலபமாகத் திரும்பி வருகிறது என்று அந்தத் தாளில் எந்த வரியும் இல்லை. நான் சொன்ன குறைக்கும் அவர்கள் அளந்த அளவுக்கும் சம்பந்தமே இல்லை என்பது புரிய எனக்கு மாதங்கள் ஆயின.

நடுவில் காற்றையும் சந்தேகப்பட்டேன். டயர் காற்றைச் சொல்கிறேன். பங்கில் பையன் "எவ்வளவு?" என்று கேட்பான், நாம் ஓர் எண்ணைச் சொல்வோம், நாலுக்கும் அதையே அடிப்பான். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளைப் பார்க்கிறவர்கள் குறைவு. முன்னுக்கும் பின்னுக்கும் வேறு வேறு அளவு கேட்கும் வண்டிகள் உண்டு. ஆள் நிறைய ஏறினால் பின்னால் கூட்டச் சொல்லும் வண்டிகளும் உண்டு. இந்தச் சின்ன அளவில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு ஜெனரல் மோட்டார்ஸின் கோர்வேர் பழைய உதாரணம். 1960 மாடலாக வந்த, எஞ்சின் பின்னால் இருக்கும் சிறிய அமெரிக்கக் கார். பின்பக்கம் எடை கூடுதல் என்பதால் முன் டயருக்கு 15, பின் டயருக்கு 26 என்று காற்று வைக்கச் சொல்லியிருந்தார்கள். நாலிலும் ஒரே அளவு அடித்துவிட்டால் வளைவில் பின்பக்கம் வெளியே போகப் பார்க்கும். வண்டியின் நடத்தையையே காற்றடிப்பவர் கையில் ஒப்படைத்த மாதிரி. நம் டாடா நானோவிலும் எஞ்சின் பின்னால்தான். அதற்கு டயரையே மாற்றிப் போட்டார்கள். முன்னால் 135 மில்லிமீட்டர் அகலம், பின்னால் 155. வளைவில் முதலில் முன்சக்கரம்தான் பிடி விட வேண்டும், ஏனென்றால் அதைச் சமாளிப்பது சாதாரண ஓட்டுநருக்குச் சுலபம். குறைந்த விலை வண்டிக்கும் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்று அதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. விலை குறைவாக இருப்பதும் அக்கறை குறைவாக இருப்பதும் ஒன்றல்லவே.

என் வண்டியில் காற்றைச் சரியாக வைத்துப் பார்த்தேன். குண்டு குழியில் குதிப்பது மாறியது. திரும்பி வராதது மாறவில்லை.

கண் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா ஓட்டுவதை விட்டுவிட்டார். அந்த ஆவணியில் அவரைத் திருநெல்வேலியில் டாக்டரிடம் கூட்டிப் போனேன். காற்று குறைந்திருந்தது, சாலையில் வண்டிகளும் குறைவு. நாங்குநேரி பக்கம் நேரான சாலையில் போய்க்கொண்டிருந்தேன். வெகுநேரம் பேசாமல் வந்தவர், "நேர் ரோட்டுல உன் கை ஏன் இவ்வளவு வேலை செய்யுது?" என்று கேட்டார். அப்போதுதான் நானே என் கையைப் பார்த்தேன். அரை அங்குலம் இந்தப் பக்கம், அரை அங்குலம் அந்தப் பக்கம். ஓயாமல் திருத்திக்கொண்டிருந்தேன். எப்போது பழகினேன் என்றே தெரியவில்லை. ஊர் போய்ச் சேர்ந்ததும் தோள் வலிப்பதற்கு வயதைக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வள்ளியூர் ஷெட்

திரும்பி வரும்போது அப்பா வள்ளியூருக்குள் வண்டியை விடச் சொன்னார். அவருடைய 800-ஐ முன்பு பார்த்த ஓர் அண்ணாச்சி அங்கே ஷெட் வைத்திருந்தார். தகரக் கூரை, ஒரு வேப்பமரம், மரத்தடியில் கழற்றிப் போட்ட கியர்பாக்ஸ். அவருக்கு இப்போது அறுபதுக்கு மேல் இருக்கும். "என்ன செய்யுது?" என்றார். திரும்பி வரவில்லை என்றேன். "ஸ்டேரிங் திரும்பி வரமாட்டுக்கு, அப்படித்தான?" என்று தன் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் சாவியை வாங்கிக்கொண்டு தெருவில் போய் ஒரே ஒரு வட்டம் அடித்துவிட்டு வந்தார். திரும்பும்போது கையை முழுதாக எடுத்துவிட்டதை நான் பார்த்தேன். வண்டி வட்டத்திலேயே போய்க்கொண்டிருந்தது.

ஜாக்கி போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. சக்கரம் தரையில் இருக்கட்டும், எடை அதன்மேல் இருந்தால்தான் தெரியும் என்றார். எஞ்சினை ஓட விட்டு, என்னை உள்ளே உட்காரவைத்து, "மெதுவா இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பும்மா" என்றார். வலது சக்கரத்துக்கு மேலே, மட்கார்டுக்குள் கையை விட்டு ஸ்பிரிங்கின் மீது விரல்களை லேசாக வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். திருப்பினேன். தலையாட்டிவிட்டு இடதுபக்கம் போனார். மறுபடி திருப்பினேன். பாதி திரும்பியிருக்கும், எங்கிருந்தோ "டக்" என்று ஒரு மெல்லிய சத்தம். ஏ.சி. போட்டிருந்தால் கேட்டிருக்காது. அவர் கண்ணைத் திறந்தார்.

"இறங்கி வா. நீயே வச்சுப் பாரு. ஸ்பிரிங் சுத்துக்கு நடுவுல விரலை விட்டுராத, மேலாப்புல வை."

அப்பா உள்ளே உட்கார்ந்து திருப்பினார். முதலில் வலதுபக்கம். என் விரலுக்கடியில் ஸ்பிரிங், சக்கரத்தோடு சேர்ந்து, வழுவழுவென்று சுற்றியது. புழுதியும் எண்ணெய்ப் பிசுக்கும் மட்டும் கைக்குத் தெரிந்தன. இடதுபக்கம் வந்தேன். சக்கரம் திரும்பத் தொடங்கியது. ஸ்பிரிங்கின் மேல்பகுதி அசையவில்லை. கீழே முறுக்குவது விரலில் தெரிந்தது. துணி பிழியும்போது இறுகுமே, அந்த மாதிரி இறுகியது. இறுகிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் "டக்" என்று விடுபட்டு, ஒரு விரற்கடை அளவுக்குக் குதித்தது. அந்தக் குதிப்பு என் மணிக்கட்டு வரைக்கும் வந்தது. எட்டு மாதமாக நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்த விஷயம் என் மூன்று விரல்களுக்கு அடியில் இருந்தது.

முன்சக்கரத்தின் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூணுக்கு ஸ்ட்ரட் என்று பெயர். அதன் உச்சியில், பானெட்டைத் திறந்தால் தெரிகிற இடத்தில், ஒரு பேரிங் இருக்கிறது. சக்கரம் திரும்பும்போது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்து சுற்ற அதுதான் இடம் கொடுக்க வேண்டும். இடதுபக்கப் பேரிங்கின் மேல்மூடி எப்போதோ கழன்று போயிருக்கிறது. மழைத் தண்ணீரும் மண்ணும் இறங்கி, எங்கள் ஊர் உப்புக் காற்றும் சேர்ந்து, உள்ளே துரு பிடித்துவிட்டது. அதனால் சக்கரம் திரும்பும்போது ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டது. நேராக வர முயலும்போதும் அந்த இறுக்கம் பிடித்து நிறுத்தியது. காஸ்டரும் டயரும் சேர்ந்து கொடுக்கும் விசை, சிறிய ஒடிப்புகளில், அந்தப் பிடியைத் தாண்டப் போதவில்லை.

"அப்போ திருப்பும்போது கனமா இருந்திருக்கணுமே அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"இருந்திருக்கும். உனக்குத் தெரியாது. மோட்டார் தள்ளிவிட்டுருதுல்லா. உங்க அப்பா வண்டியா இருந்தா மறுநாளே கை காட்டிக் கொடுத்திருக்கும்."

அந்த இடத்தில்தான் எனக்கு எல்லாம் மாறியது. ஸ்டியரிங்கில் ஒன்றுமே தெரியவில்லை என்பதை இத்தனை நாளும் ஒரு வசதிக் குறைவாகத்தான் நினைத்திருந்தேன். நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள் ஆசைப்படும் ஒரு ருசி, அவ்வளவுதான் என்று. ஆனால் இங்கே ஒரு பேரிங் எட்டு மாதமாகச் செத்துக்கொண்டிருக்கிறது, அதன் கனத்தை மோட்டார் சுமந்துகொண்டு எனக்குத் தெரியவிடாமல் செய்திருக்கிறது. திருப்பும்போது எனக்கு உதவிய அதே மோட்டார், கையை விட்ட பிறகு சக்கரத்தை நேராகக் கொண்டுவர உதவவில்லை. விலை கூடிய வண்டிகள் பலவற்றில் அதற்கும் கணக்குப் போட்டு மோட்டாரே திருப்பிக் கொண்டுவரும். என் வண்டியில் அந்த வேலையை டயரும் காஸ்டரும்தான் செய்தாக வேண்டும். அவற்றின் கையைத்தான் துரு பிடித்து வைத்திருந்தது.

மறுநாள் காலையில் வண்டியை விட்டேன். ஸ்பிரிங்கைக் கம்ப்ரஸர் போட்டு இறுக்கி, ஸ்ட்ரட்டைக் கழற்றி, இரண்டு பக்கமும் பேரிங்கும் மவுண்ட் ரப்பரும் மாற்றினார். ஒருபக்கம் போனால் மறுபக்கமும் பின்னாலேயே வரும் என்றார். மேல்மூடி இரண்டும் புதிது. கூலியோடு சேர்த்தும், நான் மாற்றிய இரண்டு டயரின் விலையில் பாதிகூட ஆகவில்லை. கழற்றிய இடது பேரிங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வள்ளியூர் முனையில் வலதுபக்கம் திரும்பும்போது பாதியில் கையை விரித்தேன். ஸ்டியரிங் என் உள்ளங்கைக்குள் ஓடி நேராகி நின்றது. பழைய 800 மாதிரி வேகமாக இல்லை, கொஞ்சம் தயங்கித்தான் வந்தது. ஆனால் வந்தது. சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

மிச்சம் இருப்பது

வண்டி புதிதாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். நேர் சாலையில் ஸ்டியரிங் நடுவில் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. உயரமான உடம்பு, ஒல்லி டயர், மொத்த எடையே 800 கிலோ சொச்சம். பக்கவாட்டுக் காற்று அடித்தால் நகரத்தான் செய்யும். நம் சாலைகளுக்காக அடிப்பாகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். அதற்கு விலையாக வளைவில் சாய்கிறது. இவையெல்லாம் வண்டியின் குணம், தெரிந்துதான் வாங்கினேன். குணம் எது, கோளாறு எது என்று பிரித்துச் சொல்லத்தான் எனக்கு ஆள் தேவைப்பட்டது. கோளாறையும் குணத்தோடு சேர்த்து ஒரே வாக்கியத்தில் மூடிவிட்டதுதான் என் வருத்தம்.

கார் வாங்குகிறவர்கள் இப்போது எத்தனை ஸ்டார் என்று கேட்கிறார்கள். 2014-இல் குளோபல் என்கேப் என்ற கார் பாதுகாப்புச் சோதனை அமைப்பு நம் நாட்டில் விற்ற ஐந்து சிறிய கார்களை மோதிப் பார்த்து, பெரியவர்கள் பாதுகாப்பில் ஐந்துக்கும் பூஜ்ஜியம் கொடுத்தது. அங்கிருந்து நம் நாட்டுக்கே உரிய பாரத் என்கேப் சோதனை வரை வந்திருக்கிறோம். நல்ல மாற்றம். ஆனால் ஸ்டார் பெரும்பாலும் மோதிய பிறகு என்ன ஆகும் என்பதைப் பற்றியது. மோதாமல் ஒதுங்க வண்டி எவ்வளவு ஒத்துழைக்கும் என்பதை ஷோரூமில் யாரும் கேட்பதில்லை. ஐரோப்பாவில் 1997-இல் மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் என்ற உயரமான சிறிய கார், சாலையில் திடீரென்று குறுக்கே வந்த ஒன்றைத் தவிர்த்து ஒதுங்கும் சோதனையில் உருண்டுவிட்டது. ஒரு ஸ்வீடன் பத்திரிகை செய்து பார்த்த சோதனை அது. விற்ற வண்டிகளைக்கூடத் திரும்ப வரவழைத்து, சஸ்பென்ஷனை மாற்றி, வழுக்கலைத் தடுக்கும் ஈ.எஸ்.பி.யை எல்லா வண்டியிலும் சேர்த்துக் கொடுத்தார்கள். சின்ன வண்டின்னா அப்படித்தான் என்று அங்கே யாரும் விட்டுவிடவில்லை.

டெஸ்ட் டிரைவ் என்றால் நமக்கு ஏ.சி. எப்படி, பிக்கப் எப்படி, பின் சீட்டில் கால் நீட்ட இடம் இருக்கிறதா. பக்கத்தில் விற்பனைப் பையன் பேசிக்கொண்டே வருவான். இனி வாங்கப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். காலியான ஓர் இடத்தில், 20 வேகத்தில், முழுதாக ஒடித்து, கையைத் தளர்த்திப் பாருங்கள். எவ்வளவு தூரம் தானாக வருகிறது, எங்கே நிற்கிறது என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதையே செய்யுங்கள். வண்டி புதிதில் எப்படித் திரும்பி வந்தது என்று நினைவிருந்திருந்தால் எட்டு மாதம் நான் அலைந்திருக்க மாட்டேன். மெல்ல மெல்ல வருகிற கோளாறுக்குக் கை பழகிவிடுகிறது.

போன மாதம் வருடாந்திரச் சர்வீஸுக்கு அதே சர்வீஸ் சென்டருக்குத்தான் போனேன். சண்டை போடப் போகவில்லை. பையிலிருந்து அந்தப் பழைய பேரிங்கை எடுத்து மேசைமேல் வைத்து, "இதைக் கொஞ்சம் சுத்திப் பாருங்க" என்றேன். வாங்கிச் சுற்றினார். கால் வட்டம் போய் நின்றது. அழுத்திச் சுற்றினார். கரகரவென்று நகர்ந்து, மறுபடி அதே இடத்தில் பிடித்தது. துருத்தூள் கொஞ்சம் ஜாப் கார்டின் மேல் உதிர்ந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே வேலை செய்துகொண்டிருந்த ஒரு பையனைக் கூப்பிட்டு அவன் கையிலும் கொடுத்தார். அவனும் சுற்றிப் பார்த்தான்.

"அன்னைக்கு நீங்க என்னன்னு சொன்னீங்க மேடம்?" என்று கேட்டார்.

"திருப்பினா திரும்பி வரமாட்டேங்குதுன்னு சொன்னேன்."

கம்ப்யூட்டரில் அதற்கு ஏற்ற வரி இல்லை போலிருக்கிறது, வெகுநேரம் தேடினார். பிறகு பேனாவை எடுத்து, பக்கத்தில் கிடந்த ஒரு நோட்டில், நான் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டார்.